கடலோடு பழக்கமில்லாதவர் உயிர்காப்புப் படகுக் குழுவில் சேர முடியுமா?

இங்கிலாந்தின் தென்கடற்கரைச் சிற்றூர் ஒன்றுக்கு வேலை நிமித்தமாக அண்மையில் குடிபெயர்ந்த ஒருவர், வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் உயிர்காப்புப் படகு நிலையம் இருப்பதைக் கண்டிருக்கிறார். கணினித் துறையில் பணியாற்றும், படகோட்டத் தெரியாத, கடல்தொழில் பின்னணி எதுவும் இல்லாத தம்மைப் போன்றவரும் அங்கே தன்னார்வலராகச் சேர முடியுமா, சேர்ந்தால் உண்மையில் என்ன செய்ய வேண்டியிருக்கும் என்று கேட்கிறார். சேர முடியும். படகிலும் பின்னர் கரைப்பணியிலும் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில், என்ன செய்ய வேண்டியிருக்கும் என்ற இரண்டாவது கேள்விக்குத்தான் விரிவாக விடை சொல்ல விரும்புகிறேன். ஏனெனில் சேர வருபவர்களில் பெரும்பாலோர் தம்மிடம் போதிய துணிச்சல் இருக்கிறதா என்று யோசித்துக்கொண்டு வருகிறார்கள். நிலையமோ அவர்களிடம் முதலில் கேட்பது நேரத்தை.

நீங்கள் பார்த்த நிலையம் பெரும்பாலும் ஆர்என்எல்ஐ எனப்படும் அரச தேசிய உயிர்காப்புப் படகு நிறுவனத்தைச் சேர்ந்ததாக இருக்கும். மேன் தீவில் வாழ்ந்த சர் வில்லியம் ஹில்லரி, டக்ளஸ் விரிகுடாவில் கப்பல்கள் உடைந்து மனிதர்கள் மடிவதை நேரில் கண்டு விடுத்த முறையீட்டின் பயனாக, 1824 மார்ச் 4 அன்று லண்டனில் இது தொடங்கப்பட்டது. இன்று பிரிட்டனிலும் அயர்லாந்திலும் 238 நிலையங்கள் உள்ளன. தொடங்கிய நாள் முதல் காப்பாற்றப்பட்ட உயிர்கள் 1,46,000-க்கும் மேல். இதை அரசுத் துறை என்று நம்மவர் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். உண்மையில் இது ஓர் அறநிறுவனம். இதன் செலவில் மிகப் பெரும் பகுதியைப் பொதுமக்களின் நன்கொடையும், இறந்தவர்கள் உயிலில் எழுதிவைத்துப் போகும் தொகையும் சுமக்கின்றன. 1886 டிசம்பரில் லங்காஷயர் கரைக்கு அப்பால் ‘மெக்சிகோ’ என்ற கப்பலைக் காக்கச் சென்ற இரண்டு படகுகளில் 27 பேர் மாண்டனர். அவர்களுடைய குடும்பங்களுக்காக எழுந்த இரக்கத்திலிருந்துதான், 1891-ல் மான்செஸ்டர் தெருக்களில் உண்டியல் ஏந்தி நிதி திரட்டும் வழக்கம் பிறந்தது. கடலையே காணாத ஆலைத் தொழிலாளர்களும் அன்று காசு போட்டார்கள். மீட்கப்பட்டவரிடம் இந்த நிறுவனம் கட்டணம் எதுவும் கேட்பதில்லை.

ஒரு காலத்தில் படகுக் குழு என்றால் அந்த ஊர் மீனவர்கள்தான். மீன்பிடித் தொழில் சுருங்கியபின் நிலைமை மாறிவிட்டது. இன்று குழுவினரில் பத்தில் ஒருவர்தான் கடல்தொழில் சார்ந்தவர். ஆசிரியர், தச்சர், செவிலியர், கடைக்காரர், மாணவர் எனப் பலரும், ஆண் பெண் இருபாலாரும் இருக்கிறார்கள். ஆகவே பயிற்சி முழுவதுமே ஒன்றும் அறியாதவரை மனத்தில் வைத்து அமைக்கப்பட்டிருக்கிறது. குறைந்தபட்ச வயது 17. பதினெட்டு நிறையாதவருக்குப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும். உடல்நலச் சோதனையும் கண்பார்வைச் சோதனையும் உண்டு. இரவில் சிவப்பு, பச்சை விளக்குகளைப் பிரித்தறிவது படகில் முக்கியம் என்பதால் கண்பார்வைச் சோதனையை இலேசாக எண்ண வேண்டாம்.

இனி, நேரம். அழைப்பு வந்ததிலிருந்து சுமார் பத்து நிமிடங்களுக்குள் படகு நீரில் இருக்க வேண்டும் என்பது எதிர்பார்ப்பு. கரையிலிருந்து 10 கடல் மைலுக்குள் இருக்கும் பெரும்பாலான ஆபத்துகளைப் புறப்பட்ட 30 நிமிடங்களுக்குள் எட்டிவிட வேண்டும் என்பது நிறுவனம் தனக்கே வைத்துக்கொண்ட இலக்கு. அப்படியானால் உங்கள் வீடோ வேலையிடமோ நிலையத்திலிருந்து சில நிமிடத் தொலைவில் இருந்தாக வேண்டும். அழைப்பைத் தெரிவிக்கும் பேஜர் என்ற சிறு கருவி ஒலித்தால் உங்கள் சொந்தக் காரில்தான் போவீர்கள். அந்தக் காருக்கு நீல விளக்கு கிடையாது, வேக வரம்பிலிருந்து விலக்கும் கிடையாது. அவசரத்தில் சிவப்பு விளக்கைத் தாண்டி ஓட்டிவரும் தன்னார்வலரை எந்த நிலையமும் விரும்பாது. வீட்டிலிருந்தபடியே பணி செய்யும் கணினித் துறையினர் ஒரு நிலையத்துக்கு எவ்வளவு பெரிய வரம் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். வார நாளின் பகல் வேளையில் ஊரில் ஆள் கிடைப்பதுதான் பல நிலையங்களின் நிரந்தரக் கவலை. ஆனால் கூட்டத்தின் நடுவே எழுந்து ஓட உங்கள் மேலாளர் இசைய வேண்டும். விண்ணப்பிக்கும் முன்பே அவரிடம் பேசிவிடுங்கள்.

அதைவிட முக்கியமாக வீட்டில் பேசுங்கள். பேஜர் உங்கள் இடுப்பில் இருந்தாலும் அது அழைப்பது குடும்பம் முழுவதையும்தான். குழந்தையின் பிறந்தநாள் விருந்தில், அடுப்பில் குழம்பு கொதிக்கும்போது, அதிகாலை மூன்று மணிக்கு, எப்போது வேண்டுமானாலும் அது ஒலிக்கும். திரும்பிவரும் நேரத்தை யாராலும் சொல்ல முடியாது. கைக்குழந்தை இருந்து, துணைவரும் இரவுப்பணி செய்பவர் என்றால், முதல் ஓரிரு ஆண்டுகள் கரைக்குழுவில் இருந்துவிட்டுப் பிறகு படகுக்கு வாருங்கள் என்பதே என் கருத்து. இதை எல்லா நிலையங்களும் சொல்லாமல் இருக்கலாம். ஆனால் வீட்டாரின் மனமொப்புதல் இல்லாமல் சேர்பவர்கள் நீடிப்பதில்லை என்பதைத் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறேன்.

அழைப்பு வரும் விதத்தையும் அறிந்துகொள்வது நல்லது. கடலில் ஆபத்தைக் காண்பவர் 999 அல்லது 112 எண்ணில், அரசின் கடலோரக் காவல் அமைப்பான கோஸ்ட்கார்டைக் கேட்கிறார். படகில் இருப்பவர் விஎச்எஃப் வானொலியின் 16-ஆம் அலைவரிசையில் ‘மேடே’ என்ற ஆபத்துக் குரலால் அழைக்கிறார். மீட்பை ஒருங்கிணைப்பது கோஸ்ட்கார்டின் பொறுப்பு. அது நிலையத்தின் பொறுப்பாளரிடம் படகைக் கோருகிறது. அவர் நிலைமையைக் கேட்டறிந்து ஒப்புதல் தந்ததும் பேஜர்கள் ஒலிக்கின்றன. ஓடிவரும் எல்லோரும் படகில் ஏறுவதில்லை. பெரிய படகின் தலைவரான காக்ஸ்வெயினோ சிறிய படகின் தலைவரான ஹெல்மோ, அன்றைய கடலுக்கும் பணிக்கும் ஏற்ப ஆட்களைத் தேர்ந்தெடுப்பார். முதலில் வந்தவர் கரையில் நிற்க, பின்னால் வந்தவர் ஏறிப்போவது வழக்கமாக நடக்கும். இதை மனத்தாங்கல் இல்லாமல் ஏற்கத் தெரிந்தவரே குழுவுக்கு ஏற்றவர். கரையில் நிற்பவருக்கும் வேலைக்குக் குறைவில்லை: டிராக்டரில் படகை அலைக்குள் இறக்குவது, வானொலியைக் கவனிப்பது, ஆம்புலன்சுக்கு வழி ஏற்பாடு செய்வது எல்லாம் அவர்கள் பொறுப்பு.

சிற்றூர் நிலையங்களில் நீங்கள் முதலில் ஏறக்கூடியது டி வகைப் படகு. ஐந்து மீட்டர் நீளம், காற்றடைத்த உடல், ஓர் அவுட்போர்டு எஞ்சின், மூன்று பேர் குழு. பாறையிடுக்கிலும் குகை வாயிலிலும் ஆழமற்ற அலைமடிப்பிலும் நுழைய இதைவிட ஏற்றது இல்லை. அதைவிடப் பெரிய அட்லாண்டிக் 85 வகை 35 நாட், அதாவது மணிக்கு 35 கடல் மைல், வேகம் செல்லும். இந்த வகையின் மூலவடிவம், 1960-களில் வேல்ஸின் அட்லாண்டிக் கல்லூரியில் மாணவர்களும் அவர்களுடைய தலைமையாசிரியராயிருந்த கடற்படை அதிகாரி டெஸ்மண்ட் ஹோரும் செய்து பார்த்த சோதனைகளில் உருவானது. திறந்த கடலுக்கென உள்ளவை ஷானன், டாமர், செவர்ன் முதலிய பெரிய படகுகள். கவிழ்ந்தாலும் தாமே நிமிர்ந்துவிடும் அமைப்பு அவற்றுக்கு உண்டு. 1969-ல் ஆர்க்னித் தீவுகளின் லாங்ஹோப் படகில் எட்டுப் பேரும், அடுத்த ஆண்டு ஃப்ரேசர்பரோ படகில் ஐந்து பேரும் இறந்தபின் அந்த அமைப்பு கட்டாயமாகும் திசையில் நிறுவனம் விரைந்து நகர்ந்தது. எந்தப் படகானாலும் அலைமேல் அடிபட்டு அடிபட்டுச் செல்லும்போது முழங்காலும் முதுகும் வாங்கும் அதிர்ச்சி கடுமையானது. உங்களுக்கு முதுகுவலி இருந்தால் மருத்துவரிடம் மறைக்காதீர்கள்.

அழைப்புகளில் பெரும்பாலானவை செய்தித்தாளில் வராதவை. எஞ்சின் நின்றுபோன பொழுதுபோக்குப் படகு, காற்றில் இழுத்துச் செல்லப்பட்ட துடுப்புப் பலகை, ஓதம் (கடல்மட்டத்தின் அன்றாட ஏற்ற இறக்கம்) ஏறியதால் பாறை மீது சிக்கிக்கொண்ட குடும்பம், கரைச்சேற்றில் இடுப்பளவு புதைந்த, நாயோடு உலாவ வந்தவர். இழுவைக் கயிற்றை முறையாகக் கட்டி, இரண்டு படகுகளும் ஒரே அலைவேகத்தில் ஏறி இறங்குமாறு கயிற்றின் நீளத்தைச் சரிசெய்து, ஆறு நாட் வேகத்தில் மூன்று மணி நேரம் ஊர்ந்து வருவதுதான் பல இரவுகளின் வேலை. திரும்பியபின் படகையும் டிராக்டரையும் நன்னீரில் கழுவி, எரிபொருள் நிரப்பி, நனைந்த உடைகளை மாட்டி, படகு மறுபடியும் பணிக்குத் தயார் என்று கோஸ்ட்கார்டுக்குச் சொன்ன பிறகே வீடு திரும்பலாம். அந்தக் கழுவும் வேலையில் கடைசிவரை நிற்பவரையே நான் நல்ல குழுவினர் என்று எண்ணுகிறேன். உப்பு தங்கிய ஒரு கொக்கி அடுத்த முறை திறக்காமல் போகலாம்.

மனிதரை நீரிலிருந்து எடுப்பதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் வெப்பமான கடல்களை அறிந்து வளர்ந்த நமக்கு இங்குள்ள குளிர்நீர் முற்றிலும் புதிய எதிரி. இந்தத் தீவுகளைச் சுற்றியுள்ள கடலின் சராசரி வெப்பநிலை சுமார் 12 பாகை செல்சியஸ்தான். பதினைந்து பாகைக்குக் கீழான நீரில் திடீரென விழுபவருக்கு மூச்சு தன்னையறியாமல் உள்ளிழுபடுகிறது, பிறகு கட்டுக்கடங்காமல் வேகமாகிறது, இதயத்துடிப்பு எகிறுகிறது. அந்த முதல் மூச்சு நீருக்கடியில் நிகழ்ந்தால் நல்ல நீச்சல்காரரும் அங்கேயே மூழ்குவார். அதிர்ச்சி ஒன்றிரண்டு நிமிடங்களில் தணிந்துவிடும் என்பதால்தான், விழுந்தவுடன் நீந்த முயலாமல் தலையைப் பின்னுக்குச் சாய்த்து, கைகால்களை விரித்து மிதந்து, மூச்சு சீரான பிறகு உதவி கேளுங்கள் என்று நிறுவனம் ஊர் ஊராகக் கற்பிக்கிறது. அதைத் தாண்டியவருக்கு அடுத்துக் கைகளும் கால்களும் வலுவிழக்கின்றன. நீங்கள் எறியும் கயிற்றை அவரால் பற்ற முடியாது. குழுவினர் கயிற்றை நம்பி நிற்காமல் படகை அவரருகே கொண்டுபோவது இதனால்தான்.

இன்னும் வருந்தத்தக்க ஒரு நிலை உண்டு. நெடுநேரம் நீரில் உயிரோடு மிதந்தவர், படகைக் கண்டு கையசைத்தவர், தூக்கப்படும் அந்தச் சில நொடிகளிலோ தூக்கிய சற்று நேரத்திலோ இறந்துபோவது. நீரில் இருக்கும்போது அதன் அழுத்தம் கால்களின் இரத்தத்தை மேலே தாங்கி நிற்கிறது. நெட்டுக்குத்தாக இழுத்தால் அந்தத் தாங்கல் சட்டென்று நீங்கி, குளிர்ந்து சோர்ந்த இதயத்துக்குத் திரும்பும் இரத்தம் குறைந்துவிடுகிறது. எனவே முடிந்த போதெல்லாம் உடலைப் படுத்த நிலையிலேயே தூக்கி, படுக்கவைத்தே வைத்திருக்கக் கற்றுக்கொடுப்பார்கள். நடக்க முடிகிறது என்று அவரே சொன்னாலும் நடக்கவிடக் கூடாது. உங்கள் முதலுதவிப் பயிற்சியில் வேறு எது மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

தேடுதலும் தனிக்கலை. நீரில் இருப்பவரின் தலை மட்டுமே மேலே தெரியும். அலைகளுக்கிடையே அது வயலில் உருண்டு கிடக்கும் ஒரு தேங்காயளவுகூடக் கண்ணில் படாது. நீரோட்டத்தையும் காற்றையும் கணக்கிட்டு அவர் எங்கே மிதந்துபோயிருப்பார் என்று கோஸ்ட்கார்டு வரையறுத்துத் தரும். அந்தப் பரப்பைப் படகு சதுரமாக விரித்தோ, இணைகோடுகளாகவோ உழும். ஒவ்வொருவருக்கும் ஒரு பார்வைத்திசை ஒதுக்கப்படும். அந்தத் திசையை விட்டுக் கண்ணை எடுக்காமல் மழையில் மணிக்கணக்காக நிற்பது, உடல்வலிமையை விடப் பொறுமையைக் கோரும் பணி.

பயிற்சி வாரந்தோறும் நடக்கும், பெரும்பாலும் ஒரு மாலை வேளையும் சில ஞாயிறு காலைகளும். முதலில் கரையில் முடிச்சுகள், உபகரணங்களின் இருப்பிடம், வானொலி மொழி. பிறகு படகில் நங்கூரம், இழுவை, இரவு வழிகாணல். கண்ணை மூடிக்கொண்டு போலைன் முடிச்சைப் போடவும், இருட்டில் எந்தப் பெட்டியில் எது இருக்கிறது என்று தொட்டு எடுக்கவும் பழக வேண்டும். பிறகு டார்செட்டிலுள்ள பூல் நகரில் நிறுவனத்தின் கல்லூரிக்கு அனுப்புவார்கள். அங்குள்ள குளத்தில் அலை, மழை, இருள், இடி எல்லாவற்றையும் செயற்கையாக எழுப்பி, உயரத்திலிருந்து குதிக்கவும், கவிழ்ந்த படகின் அடியிலிருந்து வெளிவரவும், உயிர்காப்புத் தெப்பத்தில் ஏறவும் பழக்குகிறார்கள். பயிற்சிக்கும் உடைக்கும் நீங்கள் பணம் செலுத்த வேண்டியதில்லை. ஓராண்டு அளவிலான தகுதிகாண் காலத்தில் குழு உங்களைக் கவனிக்கும். நீங்களும் குழுவைக் கவனியுங்கள்.

ஆபத்து இருக்கிறதா என்று நீங்கள் வெளிப்படையாகக் கேட்கவில்லை; ஆனாலும் சொல்லியாக வேண்டும். 1981 டிசம்பர் 19 இரவு, கார்ன்வாலின் மவுஸ்ஹோல் கிராமத்திலிருந்து பென்லீ நிலையத்தின் ‘சாலமன் பிரவுன்’ என்ற மரப்படகு, எஞ்சின் நின்று பாறையை நோக்கி அடித்துச் செல்லப்பட்ட ‘யூனியன் ஸ்டார்’ கப்பலைத் தேடிச் சென்றது. சூறாவளிக் காற்று, ஹெலிகாப்டரால் ஒருவரையும் தூக்க முடியவில்லை. படகு திரும்பத் திரும்பக் கப்பலை அணுகியது. நான்கு பேரை ஏற்றிவிட்டோம் என்று வானொலியில் சொன்னது. மேலும் சிலரை எடுக்க முயன்றபோது தொடர்பு அறுந்தது. இரு கலங்களிலும் இருந்த பதினாறு பேரும் இறந்தனர். புறப்படும் முன் காக்ஸ்வெயின் டிரெவல்யன் ரிச்சர்ட்ஸ், ஒரே குடும்பத்திலிருந்து இருவரை அத்தகைய கடலுக்கு அழைத்துச் செல்லமாட்டேன் என்று 17 வயது நீல் பிராக்மனைக் கரையில் நிறுத்தினார். படகில் சென்ற அவருடைய தந்தை திரும்பவில்லை. நீல் பின்னாளில் அதே நிலையத்தின் காக்ஸ்வெயின் ஆனார். துயரம் நடந்த ஓரிரு நாளிலேயே புதிய குழுவுக்குப் போதிய ஆட்கள் அந்தச் சிறிய கிராமத்திலிருந்து முன்வந்தார்கள். இன்றைய படகுகள் பன்மடங்கு பாதுகாப்பானவை. ஆயினும் ஒரு காக்ஸ்வெயினின் சொல்லுக்குக் கேள்வியின்றிக் கீழ்ப்படிய வேண்டியிருப்பது ஏன் என்று புதியவர் கேட்கும்போதெல்லாம் நான் இந்த நிகழ்ச்சியைத்தான் சொல்கிறேன்.

பார்க்கக் கூடாதவற்றையும் பார்க்க நேரும். எல்லாத் தேடுதலும் உயிரோடு முடிவதில்லை. சில சமயம் அது நீங்கள் கடையில் தினமும் காணும் முகமாகவும் இருக்கும். அத்தகைய அழைப்புக்குப் பின் குழுவோடு அமர்ந்து பேசும் ஏற்பாடும், தேவைப்பட்டால் மனநல உதவியும் நிலையங்களில் உண்டு. அதை மறுத்துவிட்டு வீட்டில் மௌனமாகச் சுமப்பது நம் ஆண்களிடம் அதிகம் காணும் பழக்கம் என்பதால் அழுத்திச் சொல்கிறேன்: பேசுங்கள்.

தமிழர்கள் இந்தக் குழுக்களில் இன்னும் மிகுதியாகச் சேர வேண்டும் என்று நான் விரும்புவதற்குத் தனிக் காரணம் இருக்கிறது. 2016 ஆகஸ்ட் 24 அன்று, கிழக்கு சசெக்ஸின் கேம்பர் சாண்ட்ஸ் கடற்கரைக்கு லண்டனிலிருந்து உல்லாசமாக வந்த இலங்கைத் தமிழ்க் குடும்பங்களைச் சேர்ந்த ஐந்து இளைஞர்கள் ஒரே நாளில் மூழ்கி இறந்தனர். அன்று அங்கே உயிர்காப்பாளர்கள் இல்லை. அதன்பிறகே ஏற்பாடு செய்யப்பட்டனர். அந்தக் கடற்கரை வெகுதூரம் தட்டையாக விரிந்தது. ஓதம் வற்றும்போது நெடுந்தூரம் நடந்துபோகலாம். ஏறும்போது மணல்திட்டுகளுக்குப் பின்னாலுள்ள பள்ளங்கள் முதலில் நிரம்பி, நிற்பவரைக் கரையிலிருந்து துண்டித்துவிடும். வங்கக்கடலில் ஓதத்தின் ஏற்ற இறக்கம் குறைவாக இருக்கும் கரைகளில் பழகியவருக்கு, மணிநேரத்தில் கரைக்கோடே இடம்பெயரும் என்பது தோன்றவே தோன்றாது. இதைக் கோவில் மண்டபத்திலும் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியிலும் நம் மொழியில் விளக்கிச் சொல்லக்கூடிய ஒருவர், படகேறாமலே பல உயிர்களைக் காக்க முடியும். நிலையங்களில் நீர்ப்பாதுகாப்புத் தன்னார்வலர் என்ற பொறுப்பு இதற்காகவே இருக்கிறது.

நிலையத்துக்கு அருகில் வசிக்காத நண்பர்கள் உங்களிடம் கேட்டால் லண்டனைச் சுட்டிக்காட்டுங்கள். 1989-ல் தேம்ஸ் நதியில் ‘மார்ஷனஸ்’ என்ற உல்லாசப் படகு மூழ்கி 51 பேர் இறந்ததைத் தொடர்ந்த விசாரணைகளின் பயனாக, 2002 முதல் அந்நதியிலும் உயிர்காப்பு நிலையங்கள் இயங்குகின்றன. வாட்டர்லூ பாலத்தருகே உள்ள நிலையத்தில் முழுநேரப் பணியாளர்களோடு தன்னார்வலர்கள் பன்னிரண்டு மணி நேர முறைப்பணியாக வந்து நிலையத்திலேயே இருப்பதால், அடுத்த தெருவில் வீடு இருக்க வேண்டியதில்லை. கடல்நோயால் படகில் நிற்கவே முடியாதவர்களுக்குக் கோஸ்ட்கார்டின் கரைமீட்புக் குழுக்களும், 1994 முதல் கரையோரக் கண்காணிப்பு நிலையங்களை நடத்திவரும் தேசியக் கோஸ்ட்வாட்ச் அமைப்பும் உண்டு.

அடுத்து நீங்கள் செய்ய வேண்டியது எளிது. பயிற்சி நடக்கும் மாலையில் நிலையத்துக்குச் சென்று செயற்பாட்டு மேலாளரைக் கேளுங்கள். வேலை நேரம், வீட்டின் தூரம், வார நாளில் எத்தனை பகல் வேளைகள் ஊரில் இருப்பீர்கள் என்பதை உள்ளது உள்ளபடி சொல்லுங்கள். மிகைப்படுத்தினால் முதல் மாதத்திலேயே தெரிந்துவிடும். இடம் காலியில்லை என்றால் கரைக்குழுவில் சேரக் கேளுங்கள். துணைவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். அங்குள்ள மற்றக் குடும்பத்தினரிடம் அவருக்குக் கேட்க வேண்டிய கேள்விகள் உங்களுடையவற்றைவிட அதிகமாக இருக்கும்.